ஈஸ்டில் ரைபோசோம் உற்பத்திக் கோளாறு: பாலிசோம் வரைபடம் எடுப்பதும் படிப்பதும்

நல்ல ஊடகத்தில் வளரும் ஈஸ்ட் செல் நிமிடத்துக்குச் சுமார் 2,000 ரைபோசோம்களைக் கட்டுகிறது. ஊட்டம் குறைந்ததும், வளர்ச்சியைத் தூண்டும் டார்க்1 என்ற கைனேஸ் நொதி அடங்கும். ரைபோசோம் புரதங்களுக்கான 137 ஜீன்களும் சேர்ந்தே தாழும். ஆகவே மெதுவாக வளரும் எந்த மியூட்டன்டிலும் மொத்த ரைபோசோம் குறையத்தான் செய்யும். பார்க்கவேண்டியது ரைபோசோமின் சிறிய (40எஸ்), பெரிய (60எஸ்) துணையலகுகளில் ஒன்று மட்டும் பின்தங்குகிறதா என்பது. அதைக் காட்டுவது பாலிசோம் வரைபடம்: தனித் துணையலகுகள், இரண்டும் சேர்ந்த முழு ரைபோசோம் (80எஸ்), ஒரே எம்ஆர்என்ஏவில் பல ரைபோசோம்கள் ஏறிய பாலிசோம்கள் ஆகியவற்றைச் சுழற்றிப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓர் உச்சியாகக் காட்டும்.

வளர்ப்பு: 200 மில்லி, 600 நானோமீட்டரில் ஒளி அடர்த்தி (OD) 0.5 முதல் 0.8 வரை. உறைநிலை இருப்பிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். ரைபோசோம் ஜீன் நீக்கிய வகைகள் சில தலைமுறைகளிலேயே இணை ஜீன் (அதே புரதத்துக்கான இன்னொரு நகல்) உள்ள குரோமோசோமை இரட்டித்துக் குறையை மறைத்துவிடும். இப்படி மாறியவை வேகமாக வளரும்; தட்டில் பெரிய காலனிகள் கலந்திருந்தால் அந்தத் தட்டு வேண்டாம்.

அறுவடைதான் ஆபத்தான கட்டம். குளுக்கோஸ் இல்லாமல் ஓரிரு நிமிடம் போனாலே மொழிபெயர்ப்புத் தொடக்கம் நின்று, பாலிசோம்கள் கரைந்து 80எஸ் உச்சி வானளாவும். எனவே வளர்ப்பிலேயே, ரைபோசோம்களை எம்ஆர்என்ஏவில் அப்படியே நிறுத்திவைக்கும் சைக்ளோஹெக்சிமைடை மில்லிக்கு 100 மைக்ரோகிராம் சேர்த்து, உடனே பனிக்கட்டியில் ஊற்றுங்கள். அதன்பின் எல்லாம் 4 டிகிரியில்.

உடைக்கும் பஃபர்: 20 மில்லிமோலார் டிரிஸ் (பிஎச் 7.5), 100 பொட்டாசியம் குளோரைடு, 10 மெக்னீசியம் குளோரைடு, 1 டிடிடி (டைதயோத்ரெயிட்டால்), முன்பு சொன்ன அதே அளவு சைக்ளோஹெக்சிமைடு, ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் நொதியைத் தடுக்க மில்லிக்கு 0.2 மில்லிகிராம் ஹெபரின். 0.5 மில்லிமீட்டர் கண்ணாடி மணிகளுடன் 30 விநாடி வோர்டெக்ஸ், 1 நிமிடம் பனியில். இப்படி 6 முதல் 8 முறை. 10,000 ஜி வேகத்தில் 10 நிமிடம் சுழற்றித் தெளிவை எடுங்கள்.

மேலிருந்து கீழாக 10 முதல் 50 சதவீதம் வரை அடர்த்தி கூடும் சுக்ரோஸ் கிரேடியன்ட்டின் மேல், அந்தத் தெளிவில் 260 நானோமீட்டர் அளவில் 10 முதல் 15 யூனிட்டை அரை மில்லிக்குள் ஏற்றி, எஸ்டபிள்யூ 41 ரோட்டரில் நிமிடத்துக்கு 39,000 சுழற்சியில் இரண்டரை மணி நேரம் ஓடவிடுங்கள். கடைசியில் பிரேக் போட்டால் அடுக்குகள் கலங்கும். மேலிருந்து 254 நானோமீட்டரில் படியுங்கள்.

60எஸ் தாழ்ந்து, தனி 40எஸ் உயர்ந்து, 80எஸ்ஸுக்கும் ஒவ்வொரு பாலிசோம் உச்சிக்கும் வலப்பக்கத்தில் சிறு தோள் தெரிந்தால் 60எஸ் பற்றாக்குறை. அந்தத் தோள் 'ஹாஃப்மர்': எம்ஆர்என்ஏவில் ஏறிய 40எஸ், கூட்டாளிக்காகக் காத்திருக்கிறது. 40எஸ் குறைந்தால் தனி 60எஸ் பெருகும், ஹாஃப்மர் இராது. ஆனால் துணையலகுகள் இணைவதில் தடை இருந்தாலும் ஹாஃப்மர் வரும்; இங்கேதான் பலர் அவசரப்பட்டு உற்பத்திக் கோளாறு என்று எழுதிவிடுகிறார்கள்.

அதைப் பிரித்தறிய, சைக்ளோஹெக்சிமைடு சேர்க்காமல், மெக்னீசியத்துக்குப் பதில் அதைப் பிடித்துவைக்கும் இடிடிஏ போட்ட பஃபரிலும் கிரேடியன்ட்டிலும் இன்னொரு மாதிரியை ஓட்டுங்கள். ரைபோசோம்கள் எல்லாம் இரண்டாகப் பிரியும். ஆர்என்ஏ நீளத்தின்படி 60எஸ், 40எஸ் பரப்புகள் ஏறக்குறைய 2:1 வரவேண்டும். கட்டுப்பாட்டு வகையின் (மாற்றமில்லாத ஈஸ்டின்) விகிதத்திலிருந்து விலகினால்தான் உற்பத்தியிலோ நிலைப்பிலோ குறை.

பிறகு, குறிப்பிட்ட ஆர்என்ஏக்களை நீளப்படி பிரித்து அடையாளம் காணும் நார்தர்ன் பிளாட். இங்கே தேடுவது, ரைபோசோம் ஆர்என்ஏ வெட்டப்பட்டு முதிர்வதற்கு முந்தைய இடைநிலைகளை. 35எஸ்ஸும் 23எஸ்ஸும் தேங்கினால் முதல் வெட்டுகள் தாமதம். 20எஸ் தேங்கினால் சைட்டோபிளாசத்தில் நாப்1 என்ற நொதி செய்யும் கடைசி வெட்டு நடக்கவில்லை. 27எஸ் அல்லது 7எஸ் என்றால் 60எஸ் பாதையில் தேடுங்கள்.