பிள்ளைகளோடு நாக்சோஸ் தீவுக்குப் போக

சின்னப் பிள்ளைகள் இருந்தால், கிரேக்கத் தீவுகளில் சாண்டோரினியை விட நாக்சோஸ்தான் என் தேர்வு. அங்கே பாறை விளிம்பும் படிக்கட்டுமாக இருக்கும், இங்கே ஊரிலிருந்து நடந்தே போகக்கூடிய அகியோஸ் யோர்கியோஸ் கடற்கரையில் தண்ணீர் வெகுதூரம் ஆழமில்லாமல் கிடக்கும் (அதற்காகக் கண்ணை எடுத்துவிடாதீர்கள்).

ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறுங்கள். பெரிய கப்பல் 5 மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். அதிவேகக் கப்பல் சீக்கிரம் போனாலும் அலையில் ஆட்டும், வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் பெரியதே மேல். ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்ற வடக்குக் காற்று பலமாக வீசி சில நாள் கப்பலையே நிறுத்திவிடும் என்பதால், விமானத்துக்கு முந்தின நாளே ஏதென்ஸ் திரும்பிவிடுங்கள். ஜூன் அல்லது செப்டம்பர் என்றால் இன்னும் நல்லது. அப்புறம், கழிவறைக் காகிதத்தைப் பக்கத்துக் குப்பைத் தொட்டியில்தான் போடவேண்டும், குழாய் அடைத்துக்கொள்ளும்.