இரண்டு நிலா: அளந்து விட்டதை அளந்து பார்க்கும் முறை

ஆகஸ்ட் 27 இரவு செவ்வாய் முழுநிலவு அளவுக்குத் தெரியும், வானில் இரண்டு நிலா இருப்பதுபோல் தோன்றும், விட்டால் 2287-ல்தான் மறுபடி. 2003-ல் மின்னஞ்சலில் கிளம்பிய இந்தப் புரளி அதன்பின் ஆகஸ்ட் தோறும் புதுச்செய்தியாகத் திரும்பி வந்தது. நம்புகிறவரிடம் 'பொய்' என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. இது முழுப் பொய்யும் இல்லை, பாதி வெட்டப்பட்ட உண்மை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் 5.576 கோடி கி.மீ. தூரத்துக்கு வந்தது மெய். சுமார் 60,000 ஆண்டுகளில் அதுவே மிக நெருக்கம்.

முதலில் அந்தக் கடிதத்தையே கையில் எடுங்கள். பழைய வடிவம் கிடைத்தால் செவ்வாயின் அகலம் 25.11 விகலை என்று அதிலேயே இருக்கும். (வானில் தெரியும் அகலத்தைக் கோணத்தால் அளப்பார்கள்: ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை.) 75 மடங்கு பெரிதாக்கினால் வெறுங்கண்ணுக்கு முழுநிலவு தெரியும் அளவில் இருக்கும் என்பதே மூல வாக்கியம். கை மாறி வந்ததில் '75 மடங்கு' உதிர்ந்து, நிலவு மட்டும் மிஞ்சியது. நிலவின் அகலம் ஏறக்குறைய 1,860 விகலை. வகுத்தால் 74 வரும்.

அளக்கும் முன் ஒரு வேலை பாக்கி. செவ்வாய் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று நம்புகிறவரையே தாளில் வட்டம் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுத்தில் இல்லாத கணிப்பு மறுநாள் 'மேகம் மறைத்துவிட்டது', 'நேற்றே பார்த்திருக்க வேண்டும்' என்று நழுவிவிடும்.

பகலில் செய்யக்கூடியது இது. வெள்ளைத் தாளில் 7.4 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம், பக்கத்தில் 1 மி.மீ. சிவப்புப் புள்ளி. சுவரில் ஒட்டிவிட்டு 8.2 மீட்டர் தள்ளி நில்லுங்கள். 2003-ன் நிலவும் செவ்வாயும் சரியான விகிதத்தில் அவ்வளவுதான். மெல்லிய தாளில் மை பரவிப் புள்ளி 2 மி.மீ. ஆகிவிட்டால் கணக்கு இரட்டிப்பாகும். கெட்டித் தாள் எடுத்து, மி.மீ. அளவுகோல் வைத்துச் சரிபாருங்கள். புள்ளி கண்ணுக்கே தெரியவில்லை என்பார்கள். அதற்காகப் பெரிதாக்கிவிட வேண்டாம். கண் பிரித்தறியும் எல்லை சுமார் 60 விகலை. நிஜச் செவ்வாய் நமக்குத் தெரிவது அகலத்தால் அல்ல, கறுத்த வானில் ஒளிர்வதால். உச்ச நெருக்கத்திலும் அது பிரகாசமான செம்புள்ளிதான்.

இரவில் ஓட்டை போட்ட அட்டை போதும். பஞ்ச் செய்த 6 மி.மீ. ஓட்டையைக் கண்ணிலிருந்து 65 செ.மீ. தள்ளிப் பிடித்தால் முழுநிலவு அதற்குள் அடங்கும். நிலவு இதைவிடப் பெரிது என்றே பலரும் அடித்துச் சொல்வார்கள். தொடுவானத்தில் உதிக்கும்போது ஒருமுறை, உச்சியில் ஒருமுறை செய்து காட்டுங்கள். இரண்டிலும் அதே ஓட்டை. பிறகு அதே ஓட்டை வழியாகச் செவ்வாயைப் பார்க்கட்டும்.

தொலைநோக்கி இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் பெரும்பாலும் கெடுவதும் இங்கேதான். பொருளருகு வில்லை அல்லது ஆடியின் குவிதூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவிதூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும்: 750 மி.மீ.க்கு 10 மி.மீ. என்றால் 75 மடங்கு. அப்போதும் 'சின்னதாகத்தான் இருக்கிறது' என்பார்கள். கறுத்த பார்வைப் புலத்தில் ஒப்பிட ஒன்றும் இல்லாததால் வரும் மயக்கம் அது. செவ்வாய்க்கு அருகில் நிலவு இருக்கும் நாளில், நேராக நோக்கும் வில்லைத் தொலைநோக்கியில் ஒரு கண்ணை வைத்து, மறு கண்ணால் நிலவைப் பார்த்தால் தெளியும். ஆடித் தொலைநோக்கியில் கண் வைக்கும் இடம் பக்கவாட்டில் இருப்பதால் இது நடக்காது. இன்னொரு வில்லங்கம், குவியம் தப்பினால் செவ்வாய் பெரிய வட்டமாக (ஆடித் தொலைநோக்கியில் நடுவில் ஓட்டையுடன்) உப்பிக்கொள்ளும், நம்புகிறவர் 'பார்த்தீர்களா!' என்று துள்ளுவார். வட்டம் மிகச் சிறியதாகும் வரை குமிழைத் திருப்புங்கள். தொடுவானத்திலிருந்து 30 பாகைக்குக் கீழே இருந்தால் காற்றுக் கலக்கத்தில் உருவம் நடுங்கும், உயரட்டும்.

'எல்லா ஆகஸ்டிலும் வருமே' என்றால் நாட்காட்டியைத் திறங்கள். செவ்வாய் பூமியை நெருங்குவது சராசரியாக 780 நாளுக்கு ஒருமுறை. 2004 ஆகஸ்டில் அது சூரியனுக்கு மறுபக்கம் சுமார் 40 கோடி கி.மீ. தூரத்தில் கிடந்தது, கண்ணிலேயே படவில்லை. அதைவிட வேடிக்கை, 2003 ஆகஸ்ட் 27 அமாவாசை. இரண்டு நிலா தெரியும் என்ற இரவில் ஒன்றுகூட இல்லை.

கணக்கில் ஆர்வமுள்ளவருக்கு ஒன்று. செவ்வாய் நிலவளவு தெரிய 7.5 லட்சம் கி.மீ. தூரத்துக்கு வரவேண்டும். வந்தால் அதன் ஓத விசை (கடல்மட்டத்தை ஏற்றி இறக்கும் இழுப்பு) நிலவினுடையதைவிட ஒன்றேகால் மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். கடற்கரைகளுக்கு ஆகஸ்ட் 27 அவ்வளவு அமைதியாகக் கழிந்திருக்காது.

அடுத்த நெருக்கத்துக்கு 1,860-ஐ அன்றைய விகலையால் வகுத்து வில்லையைத் தேர்ந்தெடுங்கள். 2018 ஜூலை 31-ல் 24.3 விகலை, 77 மடங்கு போதுமானதாக இருந்தது. 2027 பிப்ரவரியில் 13.8 விகலைதான், சுமார் 135 மடங்கு வேண்டும்.