எடை குறைந்த கார் டிராக் ரேஸுக்கு ஆகுமா? எடை மேடையில் நீங்களே கண்டுபிடிக்கலாம்

கார் எடை குறைவாக இருந்தால் டிராக் ரேஸில் (நின்ற இடத்திலிருந்து நேர்த்தடத்தில் கால் மைல் பாயும் போட்டி) பறக்கும் என்று நம்பித்தான் போன ஆண்டு என் மாருதி பலேனோ ஆர்எஸ்ஸைப் போட்டிக்கு எடுத்துச் சென்றேன். 950 கிலோ, 101 பிஎச்பி (குதிரைத்திறன்). பச்சை விளக்கு எரிந்ததும் முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழன்றன. ரப்பர் வாடை காருக்குள் வந்தது. கால் மைல், அதாவது 402 மீட்டரைக் கடக்க 17.6 விநாடி ஆனது. பக்கத்துத் தடத்தில் என் காரைவிடக் கனமான, பின்சக்கரம் இழுக்கும் (அதாவது எஞ்சின் பின்சக்கரங்களைச் சுழற்றும்) கார் ஒன்று முதல் இருபது மீட்டரிலேயே என்னை விட்டு விலகிப் போய்விட்டது.

மதுரை திரும்பும் வழியெல்லாம் இதே யோசனை. விடை கிடைத்த இடம் கப்பலூர்ப் பக்கம் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ஓர் எடை மேடை. அங்கே நான் செய்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன். கிளட்ச், பிரேக், ஆயில் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. ரிங் ரோட்டிலோ நான்கு வழிச் சாலையிலோ நள்ளிரவில் முயன்று பார்க்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவுப்படி பொதுச் சாலையில் பந்தயம் விடுவது குற்றம். முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிடப் பெரிது, பால் கேனோடு சாலையைக் கடப்பவரின் உயிர். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. போட்டி அறிவிப்பு வரும்வரை காத்திருங்கள்.

படி 1: காரை மூன்று முறை எடை போடுங்கள்

நிறுவனம் சொல்லும் எடை உதவாது. நீங்கள் உட்கார்ந்த நிலையில், பந்தயத்துக்கு எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவீர்களோ அவ்வளவோடு எடை வேண்டும். முதலில் முழுக் கார். பிறகு முன்சக்கரங்கள் மட்டும் மேடையில். பிறகு பின்சக்கரங்கள் மட்டும்.

நான் திணறிய இடம் இதுதான். முதல் நாள் முழு எடை 1,030 கிலோ என்று வந்தது. முன்பக்கம் 620, பின்பக்கம் 370. கூட்டினால் 990. நாற்பது கிலோவைக் காணவில்லை! மேடைக்காரரிடம் கேட்டேன். "லாரிக்கு நாற்பது கிலோவெல்லாம் ஒரு கணக்கா தம்பி?" என்றார். காரை விட்டு இறங்கி, குனிந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்த மேடை தரைக்கு மேலே எழும்பியது. இரு முனையிலும் சரிவு. முன்சக்கரம் மேடையில் இருக்கும்போது பின்சக்கரம் கீழே சரிவில் நிற்கிறது. கார் மூக்கைத் தூக்கிக்கொள்கிறது. பாரம் பின்னால் போகிறது. முன்பக்க எடை குறைத்துக் காட்டுகிறது. கடந்து போய்ப் பின்சக்கரத்தை எடை போடும்போது முன்சக்கரம் அந்தப் பக்கச் சரிவில் இறங்கிவிடுகிறது. இப்போது பின்பக்க எடை குறைகிறது. இரண்டு முறையும் குறைவதால்தான் கூட்டுத்தொகை இடிக்கிறது.

ஆகவே, குழியில் பதித்து, சாலை மட்டத்துக்குச் சமமாக இருக்கும் மேடையைத் தேடுங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். இல்லாவிட்டால் சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து மேடையை நெருக்கும். அப்படிச் செய்ததும் எனக்கு வந்தது: முன்பக்கம் 640, பின்பக்கம் 390. கூட்டினால் சரியாக 1,030. பெரிய மேடைகளில் எண் பத்துப் பத்தாகத்தான் மாறும். பத்து கிலோ வித்தியாசம் வந்தால் கவலை வேண்டாம். விடியற்காலையில் போங்கள், லாரிகள் குறைவு, மேடைக்காரருக்கும் பொறுமை இருக்கும்.

படி 2: கனமூலக் கணக்கு

மொத்த எடையை பிஎச்பியால் வகுத்து, அதன் கனமூலத்தை 7.58ஆல் பெருக்குங்கள். கால் மைலுக்கு ஆகும் விநாடி தோராயமாகக் கிடைக்கும். அமெரிக்காவில் பவுண்டுக் கணக்கில் நெடுங்காலமாகப் புழங்கும் வாய்பாடு இது, கிலோவுக்கு மாற்றியிருக்கிறேன்.

என் கார்: 1,030 ÷ 101 = 10.2. கனமூலம் 2.17. விடை 16.4 விநாடி. நான் ஓடியதோ 17.6. இந்த 1.2 விநாடி எங்கே போனது என்பதுதான் கேள்வி.

எடை குறைந்த கார் என்றாலே எல்லோரும் சொல்லும் லோட்டஸ் எலிஸின் 1996 மாடலைப் பாருங்கள். 725 கிலோ, 118 பிஎச்பி. 75 கிலோ ஓட்டுநரைச் சேர்த்தால் 14.3 விநாடி. நம் ஊர் டாடா நானோ 600 கிலோதான், 38 பிஎச்பி. 70 கிலோ ஆளோடு கணக்கிட்டால் 19.7. நானோவுக்கும் எலிஸைப் போலவே எஞ்சின் பின்பாதியில், பின்சக்கர இழுப்பு. ஆனால் சக்தி போதவில்லை. எதிர்ப்பக்கம் 2018ஆம் ஆண்டு டாட்ஜ் டீமன்: 1,900 கிலோவுக்கு மேல், 840 குதிரைத்திறன். அது 9.65 விநாடியில் முடித்தது. அவ்வளவு கனமான கார்!

படி 3: இழுக்கும் சக்கரத்தின் மேல் எவ்வளவு பாரம்?

இதை நிதானமாகப் படியுங்கள். எடை பாதியானால் தள்ள வேண்டிய பாரம் பாதியாகும். டயர் தரையைப் பிடிக்கும் பிடியும் பாதியாகும். புறப்படும் நொடியில், டயர் வழுக்கும் எல்லையில், எடைக் குறைவால் ஒரு லாபமும் இல்லை. ஒரே டயர் என்றால், அங்கே தீர்மானிப்பது, மொத்த எடையில் எத்தனை பங்கு இழுக்கும் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டுமே.

கார் முன்னால் பாயும்போது பாரம் பின்னால் சாயும். எவ்வளவு? மொத்த எடையை முடுக்கத்தால் பெருக்கி, ஈர்ப்பு மையத்தின் உயரத்தாலும் பெருக்கி, முன்பின் சக்கர இடைவெளியால் வகுக்க வேண்டும். என் காரில் முடுக்கம் 0.45 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்), உயரம் சுமார் 55 சென்டிமீட்டர், இடைவெளி 252 சென்டிமீட்டர். ஏறத்தாழ 100 கிலோ பின்னால் போய்விடுகிறது. 640 கிலோவை நம்பி நின்ற முன்சக்கரத்தில் மிஞ்சுவது 540. அது வழுக்காமல் என்ன செய்யும்? எலிஸில் பாரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் முதலிலேயே பின்சக்கரத்தின் மேல். சாயும் பாரமும் அங்கேயே போய்ச் சேர்கிறது.

அதற்காக எலிஸ் டிராக் ரேஸுக்கென்றே பிறந்தது என்றும் சொல்ல மாட்டேன். வளைவில் விரைவதற்காக ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்தி வைத்த கார் அது. தாழ்ந்த காரில் பாரம் பின்னால் குறைவாகவே சாயும். அளவாகச் செய்த கியர்பாக்ஸும் ஆக்சிலும் முரட்டுப் புறப்பாட்டைத் திரும்பத் திரும்பத் தாங்குவதும் கடினம். எடைக் குறைவு வேலைக்கு ஆவது வழுக்கல் நின்ற பிறகுதான். அங்கே அது நிச்சயமாக உதவும். டிராக் ரேஸின் மிக வேகமான வகையான அமெரிக்காவின் டாப் ஃப்யூயல் வண்டியும் ஓட்டுநரோடு ஏறத்தாழ 1,050 கிலோதான், என் காரும் நானும் சேர்ந்த அளவு. ஆனால் எஞ்சின் பின்சக்கரத்துக்கு ஒட்டி முன்னே இருக்கிறது, அகன்ற டயர் தரையைக் கவ்வுகிறது, பின்னாலுள்ள இறக்கை அதை அழுத்திப் பிடிக்கிறது.

படி 4: முதல் 18 மீட்டரைத் திருத்துங்கள்

போட்டிச் சீட்டில் 60 அடி நேரம் என்று ஒரு வரி இருக்கும். 60 அடி என்பது 18.3 மீட்டர். அதைத்தான் முதலில் பாருங்கள். எனக்கு 2.6 விநாடி.

எஞ்சினை ரீமேப் செய்யச் சொல்வார்கள், அதாவது அதன் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டச் சொல்வார்கள்; செய்யாதீர்கள். வழுக்கும் சக்கரத்துக்கு இன்னும் சக்தி கொடுப்பதால் என்ன பயன்? அந்தப் பணத்தில் நல்ல மென்மையான டயர் வாங்குங்கள். காற்றழுத்தம் பார்க்க சொந்தமாக ஒரு டயல் அளவி வேண்டும். பெட்ரோல் பங்க் மீட்டரை நான் நம்புவதில்லை. முன்சக்கரத்தில் இரண்டு மூன்று பிஎஸ்ஐ மட்டும் குறைத்துப் பார்த்தேன். கிளட்சைப் பட்டென்று விடாமல், எஞ்சினை நிமிடத்துக்கு 2,500 சுழற்சியில் பிடித்து, கிளட்சை மெல்ல நழுவவிட்டேன். நேரம் அளக்க, நொடிக்குப் பத்து முறை இடம் பார்க்கும் 10 ஹெர்ட்ஸ் ஜிபிஎஸ் கருவிதான் என் தேர்வு. நொடிக்கு ஒரு முறை இடம் பார்க்கும் கைப்பேசியை வைத்து அளந்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் 28 மீட்டர் ஓடிவிடும்.

அடுத்த போட்டியில் 60 அடி 2.4, மொத்தம் 17.2. எஞ்சினில் கை வைக்கவே இல்லை.

பின்சேர்ப்பு: பின் இருக்கையைக் கழற்றலாமா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். முன்சக்கர இழுப்புக் காரில் போட்டி நாளுக்கு மட்டும் கழற்றலாம். ஸ்டெப்னியையும் சேர்த்து 35 கிலோ குறைந்தால், என் காரில் முன்பங்கு 62 சதவீதத்திலிருந்து 64 ஆகிறது. பின்சக்கர இழுப்புக் காரில் இதையே செய்தால் பிடி குறையும். பேட்டரியைப் பின்னால் மாற்றுவது மேல்.

இன்னொரு பின்சேர்ப்பு: திருமங்கலத்து வாசகர் ஒருவர், சமதள மேடையிலும் தனக்கு 30 கிலோ இடிக்கிறது என்று எழுதினார். என்னென்னவோ கேட்டுப் பார்த்தேன். கடைசியில், முழுக் காரை எடை போடும்போது மட்டும் அவருடைய மகளும் பின் இருக்கையில் இருந்திருக்கிறாள். குழந்தையை இறக்கிவிட்டு மறுபடி எடை போட்டிருக்கிறார். கூட்டுத்தொகை சரியாக வந்துவிட்டது.