உடம்பு சரியில்லாத நாளில் வேலைக்குப் போவதா, வேண்டாமா: முடிவெடுப்பதில் நேரும் தவறுகள்

காலையில் கண் விழிக்கும்போதே தொண்டை கரகரக்கிறது, உடம்பு கனக்கிறது, நெற்றியைத் தொட்டால் சூடா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வேலைக்குக் கிளம்ப இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது. அந்த அரை மணி நேரத்துக்குள், தெளிவாக யோசிக்கும் நிலையில் இல்லாத தலையை வைத்துக்கொண்டு எடுக்கப்படும் முடிவு என்பதால்தான் இதில் இவ்வளவு தவறுகள் நேர்கின்றன. பெரும்பாலோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: இன்று ஒரு நாள் தாக்குப்பிடித்துவிடுவேனா? தாக்குப்பிடிப்பதில் மனிதர்கள் கெட்டிக்காரர்கள் என்பதால், இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய எப்போதுமே ‘ஆம்’ என்றுதான் விடை வரும். கேட்க வேண்டியவை வேறு மூன்று: என்னிடம் இருப்பது அடுத்தவருக்குப் பரவக்கூடியதா, நான் செய்யும் வேலையை இந்த நிலையில் பிழையில்லாமலும் ஆபத்தில்லாமலும் செய்ய முடியுமா, இன்று ஓய்வெடுக்காவிட்டால் என் நோய் முற்றுமா. மூன்றில் ஒன்றின் விடை பாதகமாக இருந்தாலும் வீட்டில் இருப்பதே சரி. கீழே வரும் தவறுகளில் பலவும், ஒரு கேள்விக்குரிய விடையை எடுத்து இன்னொரு கேள்விக்குப் பொருத்திவிடுவதால் வருபவை.

மாத்திரை போட்டுவிட்டுக் காய்ச்சல் இல்லை என்று நம்புவது

மிகப் பரவலான தவறு இதுதான். காலையில் பாராசிட்டமால் ஒன்றை விழுங்கிவிட்டு, ஒரு மணி நேரத்தில் வியர்த்துச் சூடு தணிந்ததும், காய்ச்சல் விட்டுவிட்டது என்று கிளம்பிவிடுகிறோம். அந்த மாத்திரை உடல் வெப்பத்தைக் குறைக்கிறதே தவிர, காய்ச்சலுக்குக் காரணமான கிருமியைத் தொடுவதில்லை. அதன் வேலையும் 4 முதல் 6 மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆகவே நண்பகலில் நமக்குக் குளிரெடுக்கத் தொடங்கும்போது, அதுவரை பக்கத்தில் அமர்ந்திருந்தவர்கள் எல்லாரும் நம் மூச்சைப் பகிர்ந்துகொண்டு முடித்திருப்பார்கள். மாத்திரையின் துணை இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமலிருந்து, மற்ற அறிகுறிகளும் குறைந்துகொண்டு வந்தால்தான் வெளியே வரலாம் என்பதே பொது சுகாதாரத் துறையினர் பின்பற்றும் அளவுகோல். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 மார்ச்சில் மூச்சுவழித் தொற்றுகள் அனைத்துக்கும் சேர்த்து வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. வெளியே வந்த பின்னும் 5 நாட்களுக்கு முகக்கவசம், காற்றோட்டம், இடைவெளி ஆகியவற்றில் கூடுதல் கவனம் வேண்டும் என்றும் அது சேர்த்துக்கொள்கிறது.

காய்ச்சலைக் கையால் தொட்டு அளப்பதும், அளவு பார்ப்பவர்கள்கூடக் காலையில் மட்டும் பார்ப்பதும் இதோடு சேர்ந்த தவறுகள். பெரியவர்களுக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல் என்று கொள்வது வழக்கம். உடல் வெப்பம் நாள் முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை; விடியற்காலையில் மிகக் குறைவாகவும் மாலையில் மிக அதிகமாகவும் இருக்கும். நோயாளிக்கும் அப்படித்தான். முந்தின நாள் மாலை 101 டிகிரி காட்டிய தெர்மாமீட்டர் மறுநாள் காலை 6 மணிக்கு 99 காட்டினால், அதை நலமடைந்ததற்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்று மாலையும் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

‘இப்போதுதானே ஆரம்பிக்கிறது’ என்று நினைப்பது

இன்புளுயன்சா காய்ச்சலில், அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே கிருமி வெளியேறத் தொடங்கிவிடுகிறது. நோய் தெரியத் தொடங்கிய முதல் 3 நாட்களில்தான் அது மிக அதிகமாகப் பரவுகிறது. 5 முதல் 7 நாட்களில் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. நாம் விடுப்பு எடுக்கும் முறையோ இதற்கு நேர் தலைகீழ். முதல் நாளும் இரண்டாம் நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டு, நான்காம் நாள் எழ முடியாமல் படுக்கிறோம். பரப்ப வேண்டியதையெல்லாம் பரப்பி முடித்த பிறகு எடுக்கும் அந்த விடுப்பு, நமக்கு ஓய்வைத் தருமே அன்றி, உடன் வேலை செய்பவர்களுக்கு எந்தப் பாதுகாப்பையும் தருவதில்லை. ஒரு நாள்தான் விடுப்பு எடுக்க முடியும் என்றால், அது முதல் நாளாக இருப்பதே மேல்.

இதற்கு எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. காய்ச்சலும் உடம்பு வலியும் போய், பசியும் தூக்கமும் திரும்பிய பிறகு வறட்டு இருமல் மட்டும் 2 அல்லது 3 வாரங்கள் ஒட்டிக்கொண்டிருப்பது இயல்பானது. அந்த இருமலுக்காக வீட்டிலேயே அடைந்து கிடக்கத் தேவையில்லை. ஆனால், 2 வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலோடு மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவு ஆகியவை சேர்ந்தால் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அங்கே விடுப்பா இல்லையா என்பது இரண்டாம் கேள்வி. சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறிவிட்டதைக் கண்டு, கிருமி முற்றிவிட்டது என்று தாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கி, மருந்து தொடங்கிவிட்டோம், இனிப் பரவாது என்று துணிவதும் தவறு. நிறத்தை வைத்துப் பாக்டீரியாவா வைரஸா என்று சொல்ல முடியாது, வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. மருந்து தொடங்கிய 12 முதல் 24 மணி நேரத்தில் பரவும் தன்மை பெரிதும் குறையும் என்பது, பரிசோதனையில் உறுதியான பாக்டீரியாத் தொண்டைப் புண்ணுக்குப் பொருந்தும் விதி. அதை எல்லாச் சளிக்கும் நீட்டிக்க இடமில்லை.

‘கழுத்துக்கு மேலே இருந்தால் போகலாம், கழுத்துக்குக் கீழே இறங்கினால் போகக் கூடாது’ என்றொரு எளிய விதியும் சொல்லப்படுவதுண்டு. மூக்கொழுகலும் தும்மலும் மட்டும் என்றால் பரவாயில்லை, நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் என்றால் ஓய்வு என்பது இதன் பொருள். விளையாட்டு வீரர்கள் சளியோடு பயிற்சி செய்யலாமா என்பதற்காகப் பிறந்த விதி இது. அது பதில் சொல்வது வீரரின் சொந்த உடம்பைப் பற்றி மட்டும்தான். மூக்கொழுகும் ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரருக்கு என்ன செய்வார் என்பதைப் பற்றி அது பேசவே இல்லை.

வயிறு அடங்கியதும் கிளம்புவது

இரவெல்லாம் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக இருந்து, காலையில் வயிறு அமைதியானதும் ‘எல்லாம் வெளியே போய்விட்டது’ என்ற நிம்மதியோடு வேலைக்குப் போகிறவர்கள், மூக்கொழுகலோடு வேலைக்குப் போகிறவர்களைவிடப் பெரிய தவறைச் செய்கிறார்கள். இப்படி வயிற்றைக் கலக்கும் நோரோவைரஸ் போன்ற கிருமிகளில் மிகச் சில துகள்களே ஒருவரை நோயில் தள்ளப் போதும். அறிகுறி நின்ற பின்னும் நோரோவைரஸ் மலத்தில் 2 வாரங்களோ அதற்கு மேலோ வெளியேறிக்கொண்டிருக்கலாம். கடைசி வாந்தி அல்லது கடைசி வயிற்றுப்போக்குக்குப் பிறகு 48 மணி நேரம் வீட்டில் இருக்க வேண்டும் என்ற விதி இதனால்தான் உள்ளது. சானிடைசர் தடவிக்கொண்டால் போதும் என்று எண்ணுவதும் இங்கே ஏமாற்றும். ஆல்கஹால் கலந்த சானிடைசர்கள் இந்த வைரஸின் மீது சரியாக வேலை செய்வதில்லை, சோப்பும் தண்ணீருமே கைகொடுக்கும்.

சமைப்பவர்கள், பரிமாறுபவர்கள், குழந்தைகளையும் முதியவர்களையும் பராமரிப்பவர்கள் ஆகியோருக்கு இந்த 48 மணி நேரம் விட்டுக்கொடுக்க முடியாதது. நலமாக உணர்வது பரப்பாமல் இருப்பதற்குச் சமம் அன்று என்பதற்கு மேரி மாலனைவிடத் தெளிவான சான்று இல்லை. நியூயார்க்கில் சமையல்காரராக இருந்த அவர், தமக்கு எந்தத் தொல்லையும் தெரியாமலே டைபாய்டு கிருமியைச் சுமந்துகொண்டிருந்தார். 1907இல் தனிமைப்படுத்தப்பட்டு, இனிச் சமைப்பதில்லை என்ற வாக்குறுதியின் பேரில் 1910இல் விடுவிக்கப்பட்ட அவர், 1915இல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் வேறு பெயரில் சமைத்துக்கொண்டிருந்ததும், அங்கே 25 பேருக்கு டைபாய்டு வந்திருந்ததும் தெரியவந்தன. மீதி வாழ்நாளை, 1938 வரை, அவர் தனிமையிலேயே கழித்தார். அவரைக் குறை சொல்வது எளிது. சமையலைத் தவிர அவ்வளவு கூலி தரும் வேறு வேலை அவருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

வேலை எது என்பதைக் கணக்கில் சேர்க்காதது

ஒரே தலைசுற்றல், கோப்பு பார்ப்பவருக்குச் சிரமம். கட்டடச் சாரத்தின் மீது நிற்பவருக்கு உயிராபத்து. நோயைவிட அதற்கு எடுத்துக்கொள்ளும் மருந்தே சில வேளைகளில் பெரிய இடையூறு. சளிக்கும் தும்மலுக்கும் தரப்படும் குளோர்பெனிரமின் போன்ற பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் தூக்கத்தையும் மந்தத்தையும் உண்டாக்குபவை. அவற்றை விழுங்கிவிட்டு வண்டி ஓட்டுவதும் இயந்திரத்தின் முன் நிற்பதும் கூடாது. வேலைக்குப் போயாக வேண்டும் என்ற அவசரத்தில் இரண்டு மூன்று மாத்திரைகளைச் சேர்த்து விழுங்குபவர்கள், சளி மாத்திரைகள் பலவற்றில் ஏற்கெனவே பாராசிட்டமால் கலந்திருப்பதைக் கவனிப்பதில்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம். அதைத் தாண்டினால் கல்லீரல் பாதிக்கப்படும்.

இருமலால் இரவு முழுவதும் தூங்காதவர்களும் இந்தக் கணக்கில் வர வேண்டும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குச் சரிகிறது என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். குடித்துவிட்டு வேலைக்கு வருபவரை நாம் பாராட்டுவதில்லை. நானே ஒருமுறை காய்ச்சலோடு அமர்ந்து ஒரு கணக்கு அறிக்கையை முடித்து, கடமை தவறாதவன் என்ற பெருமிதத்தோடு வீடு திரும்பினேன். அதில் இரண்டு நெடுவரிசைகள் இடம் மாறியிருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்த இரண்டு பேருக்கு இரண்டு நாள் பிடித்தது.

தம் உடம்பைப் பொருட்படுத்தாதது

லண்டன் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வின் ஒரு பகுதி 2005இல் வெளியானது. உடல்நலம் குன்றியிருந்தும் நோய் விடுப்பே எடுக்காத ஆண்களுக்கு, அதே நிலையில் அளவாக விடுப்பு எடுத்தவர்களைவிடக் கடுமையான இதயப் பாதிப்பு இரு மடங்கு நேர்ந்ததை அது காட்டியது. விடுப்பு எடுக்காததுதான் காரணம் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. ஆனாலும் விடுப்பே எடுக்காத ஊழியர்தான் ஆரோக்கியமானவர் என்ற எண்ணத்தை அது அசைத்துவிட்டது. இன்புளுயன்சா உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு நேரும் வாய்ப்பு ஏறக்குறைய 6 மடங்கு கூடுவதைக் கனடாவின் ஒண்டாரியோவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு கண்டது. இதய நோய், சர்க்கரை நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மற்றவர்களுக்கான அளவுகோலைத் தமக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. காய்ச்சலோடு பளு தூக்குவதும் கடும் உடலுழைப்பில் இறங்குவதும் யாருக்குமே நல்லதன்று; சில வைரஸ்கள் இதயத் தசையையும் தாக்கக்கூடியவை.

டெங்கு பரவும் இடங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. அந்நோயில், 3 முதல் 7 நாட்களுக்குள் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. சூடு தணிந்துவிட்டது என்று வேலைக்குக் கிளம்பும் அன்றே கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் எது தோன்றினாலும் போக வேண்டிய இடம் மருத்துவமனை. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகம் கோணுதல், ஒரு பக்கக் கை தளர்தல், வாய் குழறுதல், கழுத்து விறைப்போடு கடுந்தலைவலி ஆகியவற்றிலும் வேலைக்குப் போவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நேரமே வீண்.

போகக்கூடிய நாளிலும் போகாதது

எல்லா உபாதைக்கும் படுக்கை மருந்தன்று. சாதாரண முதுகுவலிக்கு நாள்கணக்கில் படுத்திருந்தால் குணமாவது தள்ளிப்போகும்; இயன்ற அளவு நடமாடுவதே நல்லது. காய்ச்சலில்லாமல், கண் அரிப்போடு, ஆண்டுதோறும் அதே பருவத்தில் வரும் தும்மல் பெரும்பாலும் ஒவ்வாமை. அது யாருக்கும் தொற்றாது. விடுமுறை முடியும் மாலைதோறும் வயிற்றைப் பிசைகிறது, விடுமுறை நாளில் மட்டும் சரியாகிவிடுகிறது என்றால், அதை நடிப்பு என்று ஒதுக்கவும் வேண்டாம், ஒரு நாள் விடுப்பால் தீர்ந்துவிடும் என்று நம்பவும் வேண்டாம். வேலையிடத்திலோ மனத்திலோ உள்ள காரணத்தைத் தேட வேண்டியிருக்கும்.

சம்பளமும் சொல்லும் முறையும்

ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்ற நிலையில் இருப்பவரிடம் இவ்வளவையும் ஒப்பிப்பது நியாயமன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1952ஆம் ஆண்டு 102ஆம் ஒப்பந்தம், நோயால் வருமானம் நிற்கும்போது குறைந்தது 45 விழுக்காட்டை ஈடாகத் தர வேண்டும் என்கிறது. ஆனால் முதல் 3 நாட்களுக்கு அதைத் தராமலிருக்கவும் அதே ஒப்பந்தம் இடமளிக்கிறது. மேலே சொன்ன இன்புளுயன்சாவின் மிக அதிகமாகப் பரவும் 3 நாட்களும் இவையே என்பதைப் பார்க்கும்போது, உடம்பு முடியாமல் வேலைக்கு வருபவரைவிட விதிகளை எழுதுபவர்கள்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவரை, கூலியை இழக்க முடியாதவர்கள், ஆள் நெருக்கமில்லாத வேலையையோ தள்ளி அமர்ந்து செய்யும் வேலையையோ கேட்டுப் பெறுவதும், முகக்கவசம் அணிவதும் அடுத்த நிலைத் தீர்வுகள்.

வீட்டிலிருந்தே வேலை செய்யக்கூடியவர்களின் தவறு வேறு விதமானது. போகவில்லை, ஆனால் படுத்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்து முழு நாள் வேலையையும் செய்துவிடுகிறார்கள். பரவலைத் தடுத்துவிட்டார்கள், ஓய்வு கிடைக்கவில்லை. லேசான சளிக்கு அது போதும். காய்ச்சலுக்கு விடுப்பை விடுப்பாகவே எடுக்க வேண்டும்.

தகவல் சொல்வதில், கடைசி நிமிடம் வரை ‘பார்க்கலாம்’ என்று இழுத்துவிட்டு, பிறகு நம்பவைப்பதற்காக வாந்தியின் விவரம் வரை விவரிப்பது பலருடைய வழக்கம். உடல்நிலை சரியில்லை, இன்று வர இயலாது, நிலுவையில் உள்ள இன்ன வேலையை இன்னார் பார்த்துக்கொள்ளலாம் என்ற மூன்று செய்திகளை முந்தின இரவோ விடிந்ததுமோ அனுப்பினால் போதுமானது. பணியிடத்தில் பலருக்குப் பரவக்கூடிய நோய் என்றால் மட்டும் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘நாளை கட்டாயம் வந்துவிடுவேன்’ என்ற வரியைச் சேர்க்கவே கூடாது. அந்த வாக்குறுதிதான் மறுநாள் காலை, காய்ச்சல் விடாத நிலையிலும், மாத்திரையை விழுங்க வைக்கிறது. ‘நாளை மாலை நிலைமையைத் தெரிவிக்கிறேன்’ என்று எழுதினால், 24 மணி நேரக் கணக்கும் மாலையில் பார்க்க வேண்டிய தெர்மாமீட்டரும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.