மலையில் கவுன்சிலரின் சனி, ஞாயிறு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் தோட்டத் தொழிலாளர்கள் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமைதான். கல்யாணம், காதுகுத்து, குறை சொல்ல வருகிறவர்கள் எல்லாம் அன்றைக்கே. கவுன்சிலரின் பிள்ளைகளுக்கும் அன்றைக்குத்தான் லீவு. இதில் பலர் திணறுவது வேலை அதிகம் என்பதால் அல்ல, கணக்குத் தப்புவதால்.

முதல் தப்பு, தூரத்தைக் கிலோமீட்டரில் பார்ப்பது. ஊட்டியிலிருந்து குன்னூர் சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனால் 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வெளி வாகனங்களுக்கு உயர் நீதிமன்றம் வைத்த வரம்பே வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000. நமக்கு வேலை கூடுகிற நாளில்தான் ரோட்டிலும் வண்டி கூடுகிறது. சீசனில் இரண்டு ஊர் விசேஷத்தை ஒரே காலையில் ஒப்புக்கொள்ளாதீர்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் கூட்டத்தை இருட்டும்வரை இழுக்கவும் கூடாது. நீங்கள் காரில் போய்விடுவீர்கள். வந்தவர்கள் யானை நடமாடும் பாதையில் நடந்து போகணும்.

அடுத்தது, பந்தியில் நின்று மனு கேட்டு "பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிடுவது. தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை என்றால் நகராட்சி வேலை, அங்கேயே குறித்துக்கொள்ளலாம். பட்டா தாலுகா ஆபீஸ் விஷயம். அதிலும் கூடலூர் பக்கம் ஜமீன் மாதிரியான பழைய ஜென்ம நில உரிமையை ஒழித்த 1969 சட்டத்தின் 17-வது பிரிவில் சிக்கி, யாருக்கு உரிமை என்று முடிவாகாமல் கிடக்கும் நிலத்துக்குப் பட்டா வாங்கித் தருவதாக வாக்குக் கொடுப்பது அந்தக் குடும்பத்துக்குச் செய்கிற கொடுமை. உங்கள் கையில் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம் நடக்கும். பந்தலூரிலிருந்து ஊட்டிக்கு ஒருத்தர் வந்துபோனால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் ஞாயிறன்றே மனுவை எழுதி, ரேஷன் கார்டு, ஆதார் நகல் வைத்துச் சரிபார்த்துக் கொடுங்கள். வாரக் கடைசியில் செய்ய இதைவிடப் பெரிய வேலை இல்லை.

சாவு வீட்டுக்கு மட்டும் நேரம் பார்க்க வேண்டாம், உடனே போயிடணும்.

அப்புறம் வீடு. மிச்ச நேரத்தைக் குடும்பத்துக்குத் தரலாம் என்று நினைத்தால் மிச்சமே இருக்காது. ஞாயிறு மதியச் சாப்பாடு வீட்டில்தான் என்று வார்டு முழுக்கச் சொல்லிவிடுங்கள், ஜனங்கள் புரிந்துகொள்வார்கள். பிள்ளைகளை விழா மேடைக்குக் கூட்டிப்போவது அவர்களோடு இருந்த கணக்கில் சேராது.

தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. ஆனால் "அவங்களுக்கு வீட்டு வேலை இருக்கு" என்று கணவர் மனு வாங்க உட்காருவது இன்னும் நடக்கிறது. அவர் அடுப்படி வேலையை எடுத்துக்கொள்ளட்டும். மனுவைக் கவுன்சிலரே வாங்கட்டும்.