ஆறுமணிக்குருவியைத் தேடுவோர் விடும் பிழைகள்

கொழும்பில் ஆறுமணிக்குருவி (Indian pitta) அரிதான பறவையல்ல. ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை தலங்கமப் பக்கத்து வீட்டு வளவுகளிலும் பெத்தகான ஈரநிலப் பூங்காவிலும், நிழலும் சருகும் உள்ள வேறு பல இடங்களிலும் அதன் குரல் கேட்கும். ஆனால் குரலைக் கேட்டவர்களில் பலர் பறவையைக் கண்டதில்லை. தேடும் விதத்தில்தான் கோளாறு.

யூன், யூலையில் தேடிப் பயனில்லை. அப்போது அது இந்தியாவில் கூடு கட்டிக்கொண்டிருக்கும்.

பெயரை நம்பிச் சரியாக ஆறு மணிக்குப் போவதும் பிழை. குருவி பார்ப்பது வெளிச்சத்தை, மணிக்கூட்டை அல்ல. கொழும்பில் நவம்பர் தொடக்கத்தில் ஏறத்தாழ 6.00 மணிக்குச் சூரியன் உதிக்கும். ஜனவரி இறுதியில் 6.25 தாண்டிவிடும். உதயத்துக்கு அரை மணி முன்பே இடத்தில் நிற்க வேண்டும். பூங்காவுக்குப் போவதென்றால் வாயில் எப்போது திறக்கும் என்று முதல்நாளே விசாரியுங்கள். அது பிந்தித் திறந்தால், குருவி மீண்டும் கூவும் மாலைப் பொழுதே மேல்.

எல்லாவற்றிலும் கெட்ட பழக்கம், குரல் வந்த திசையில் நடப்பது. சருகு மிதிபடும் சத்தம் கேட்டதும் குருவி அசையாமல் நின்றுவிடும். முதுகுப் பச்சை நிழலோடு கலந்துவிடும். விடியலில் அது பெரும்பாலும் கிளையில் இருந்துதான் கூவும். நிலத்தை மட்டும் துழாவுகிறவர் தலைக்கு மேலே இருப்பதைத் தவறவிடுகிறார். கூவல் ஓய்ந்தபின் இறங்கி இரை தேடும். ஆகவே சருகு நிலம் பத்துப் பதினைந்து மீற்றருக்குத் தெரிகிற ஓரிடத்தில், பாதையை விட்டு இறங்காமல், குந்தியிருந்து அரை மணி நேரம் பாருங்கள். இரண்டு மூன்று தத்தல், ஒரு நிற்றல், ஓர் இலையைப் புரட்டல்: அதன் நடை அப்படி. சருகு ஓயாமல் சலசலத்தால் அது புலுனி (தவிட்டுக்குருவி) கூட்டமாக இருக்கும். முழுப் பறவையைத் தேடாமல் வெண்தொண்டையையும் வாலடிச் சிவப்பையும் தேடுங்கள். இன்று கிடைக்கவில்லையா? நாளையும் அதே இடத்துக்கே வாருங்கள். குளிர்காலம் முழுவதும் ஒரே துண்டு நிலத்தைப் பிடித்து வைத்திருக்கும் பறவை இது. ஊரெல்லாம் அலைவது வீண்.

ஏசி அறையிலிருந்து எடுத்துவந்த பைனாகுலர் வெளிக்காற்றில் பனித்துப்போகும். துடைத்து முடிப்பதற்குள் குருவி போய்விடும். இரவே அதை ஏசி இல்லாத அறையில் வையுங்கள். நிழலுக்கு 10x42ஐவிட 8x42 நல்லது (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, அடுத்தது முன்வில்லையின் விட்டம் மில்லிமீற்றரில்): காட்சி வெளிச்சமாக இருக்கும், கை நடுக்கமும் குறைவாகத் தெரியும். டெங்கு நுளம்பு மும்முரமாகக் கடிப்பதும் இதே காலை மாலைகளில்தான். முழுக்கைச் சட்டை போடுங்கள், நுளம்புத் தைலமும் பூசுங்கள். ஆனால் டீட் (DEET) என்ற நுளம்பு விரட்டி மருந்து கலந்த தைலம் பிளாஸ்டிக்கை அரிக்கும், கையைத் துடைத்துவிட்டுக் கருவியைத் தொடுங்கள். நுளம்பை அடிக்கும் சத்தத்துக்கே பறக்கும் குருவிகளும் உண்டு.

போனில் பதிவுக்குரலைப் போட்டு அழைப்பதை நாங்கள் ஏற்பதில்லை. எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக எண்ணி, இரை தேடும் நேரத்தை அது சண்டைக்குச் செலவழிக்கும். பக்கத்துப் புதரில் நிற்கும் இன்னொருவர் உங்கள் போனைக் குருவியென்று குறித்துக்கொள்வதும் நடக்கும்.

சொந்த வளவில் குருவி வரவேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டே தினமும் சருகைக் கூட்டி எரிப்பவர்கள் உண்டு. மண்புழுவும் பூச்சியும் அந்தச் சருகுக்குள்தான். வேலியோரம் ஓரிரு மீற்றர் அகலத்துக்காவது விட்டுவையுங்கள், பூனையையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

வலசை வந்திறங்கும் நாட்களில் சில குருவிகள் சன்னல் கண்ணாடியில் மோதி விழும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கையில் வைத்துப் படமெடுக்காதீர்கள். துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, மூடி, இருட்டும் அமைதியுமான மூலையில் ஒரு மணி நேரம் விடுங்கள். உள்ளே தத்தும் சத்தம் கேட்டால், பொழுது சாயுமுன் புதரோரம் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்துவிட்டு விலகுங்கள். இறக்கை தொங்கினால் பறக்க விடாமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.