பழைய வீட்டுச் சுவரில் ஷெல்ஃப் மட்டமாக நிற்க

சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீட்டில் ஷெல்ஃப் கோணலாகிவிட்டால், மாட்டியவர் பெரும்பாலும் தரையிலிருந்தோ ஜன்னல் சட்டத்திலிருந்தோ அளந்திருப்பார். அந்த வீட்டில் தரையும் மட்டமில்லை, ஜன்னலும் மட்டமில்லை, சுவர் தூக்கிலும் (நேர் செங்குத்தாகவும்) இல்லை. நம்பக்கூடியது ரசமட்டமும் தூக்குக்குண்டும்தான். ரசமட்டத்தையும் சோதித்த பிறகே நம்ப வேண்டும். ஒரு பலகையில் வைத்து, குமிழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். இரண்டு முறையும் குமிழி, உங்கள் பார்வையில், ஒரே பக்கம் அதே அளவு தள்ளி நின்றால் கருவி சரி. பலகை சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை.

நாலடிக்கு மேல் நீளமான ஷெல்ஃபுக்கு, கொத்தனார்கள் பிடிக்கும் தண்ணீர் டியூபே போதும். உள்ளே காற்றுக்குமிழி இருக்கக்கூடாது, இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். சுவரில் இரு முனையிலும் தண்ணீர் நிற்கும் உயரத்தைக் குறித்து, நூல் பிடித்துக் கோடு போடுங்கள்.

அடுத்து மேடு எங்கே என்று பார்க்க வேண்டும். நேரான அலுமினியச் சதுரக்குழாய் ஒன்றைக் கோட்டின் மேல் படுக்க வைத்தால், சுவர் எங்கே வயிறு தள்ளியிருக்கிறது, எங்கே உள்வாங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். முதல் பிராக்கெட் அந்த மேட்டில்தான் வர வேண்டும். பள்ளத்துக்குப் பேக்கிங் (பிராக்கெட்டின் பின்னால் செருகும் துண்டு) கொடுத்து வெளியே கொண்டுவரலாம், மேட்டை உள்ளே தள்ள முடியாது. ஓரத்திலிருந்து ஆரம்பிப்பவர்கள் நடுவில் வந்து மாட்டிக்கொள்வது இதனால்தான். அங்கே பிராக்கெட் நூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

துளை போடுவதற்கு முன் கோடு நெடுக விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். டொக் டொக்கென்று வெற்றொலி வந்தால் காரை செங்கல்லை விட்டு விலகியிருக்கிறது, அந்த இடம் வேண்டாம். உப்பு பூத்த சுவரும் வேண்டாம். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு, பேட்டரி டிரில்லால் வேலை செய்யுங்கள்.

காரையைத் துளைக்கும்போது ஹேமர் வேண்டாம், சுற்று மட்டும் போதும். முதலில் 6 மி.மீ. பிட், பிறகு 8 மி.மீ. தூளின் நிறத்தைக் கவனியுங்கள். வெள்ளைத் தூள் காரை, சிவப்புத் தூள் செங்கல். சிவப்புக்குப் பிறகு மறுபடி வெளிறிய மணலாக வந்து பிட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால், செங்கல் இடுக்கில் இறங்கிவிட்டீர்கள். பழைய செங்கல்கள் மெல்லியவை, அதனால் இடுக்குகளும் அதிகம். ஓர் அங்குலம் மேலேயோ கீழேயோ தள்ளிப் போடுவது நல்லது. பிராக்கெட்டில் நீள்துளை இருந்தால் இது எளிது.

பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளையில் செருகும் பிளாஸ்டிக் உறை) காரையில் நிற்கக்கூடாது. அங்கே அது விரிந்தால் காரை அப்பளம்போல் உடைந்து வரும். பிளக்கை ஆணியால் தட்டி, செங்கல்லுக்குள் முழுதாக இறக்க வேண்டும். ஸ்க்ரூ நீளத்துக்கு ஒரு கணக்கு: பிராக்கெட் கனம் 3 மி.மீ., பேக்கிங் 5, காரை 25, செங்கல்லுக்குள் 50. கூட்டினால் 83, ஆகவே 90 மி.மீ. ஸ்க்ரூ வாங்க வேண்டும், துளை அதைவிடச் சற்று ஆழமாக இருக்க வேண்டும். கடையில் பிளக்கோடு கொடுக்கும் 40 மி.மீ. ஸ்க்ரூ இந்தச் சுவருக்கு ஆகாது. துளை பெரிதாகிப் பிளக் சுழன்றால் தீக்குச்சி திணிக்காதீர்கள். தூளை ஊதி எடுத்து, வலைக்குழாய் செருகி, கெமிக்கல் ஆங்கர் (ஸ்க்ரூவைப் பிடித்து இறுகும் பசை) நிரப்பி, அது இறுகும்வரை காத்திருங்கள். செட்டிநாட்டு வீடுகளில் பளிங்குபோல் தேய்த்த பூச்சு இருந்தால் அந்தச் சுவரை விட்டுவிடுவதே மேல். ஒருமுறை சில்லு பெயர்ந்தால் அதே பளபளப்பில் ஒட்டுப்போட ஆள் கிடைப்பது கஷ்டம்.

பேக்கிங்குக்கு அட்டை உதவாது, ஈரத்தில் உப்பி நசுங்கிவிடும். 1 மி.மீ. சன்மைக்கா துண்டுகளை ஸ்க்ரூவைக் கவ்வும்படி லாட வடிவில் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு துண்டுக்கு ஒரு மில்லிமீட்டர், கணக்கும் சுலபம். சுவரின் மேற்பகுதி அறைப்பக்கம் சாய்ந்திருந்தால் பிராக்கெட்டின் கை நுனி தாழும். அதற்குக் கீழ் ஸ்க்ரூவின் பின்னால் பேக்கிங் கொடுங்கள். சுவர் பின்னால் சாய்ந்திருந்தால் மேல் ஸ்க்ரூவின் பின்னால். ஸ்க்ரூ இல்லாத இடத்தில் செருகினால், முறுக்கும்போது பிராக்கெட் வளையும். 12 மி.மீ.க்கு மேல் இடைவெளி வந்தால் துண்டுகளை அடுக்காதீர்கள், அதே கனத்தில் மரச்சட்டம் வையுங்கள். முதல் பிராக்கெட் நின்றதும், மற்றவற்றை அதன் முகத்துக்கு நூல் பிடித்துச் சேருங்கள்.

புத்தகம் வைக்கப் போகிறீர்கள் என்றால், 18 மி.மீ. பிளைவுட்டுக்கு இரண்டடிக்கு ஒரு பிராக்கெட். கனமான புத்தகங்களுக்கு ஒன்றரை அடி.

இப்போது பலகைக்கும் சுவருக்கும் நடுவே சந்து தெரியும். இரண்டு நூலுக்குள், அதாவது கால் அங்குலத்துக்குள் என்றால் பெயிண்ட் அடிக்கக்கூடிய அக்ரிலிக் சீலன்ட் போதும். அதற்கு மேல் என்றால் பலகையைச் சுவரின் வளைவுக்கு வெட்ட வேண்டும். மிக அகலமான சந்து எவ்வளவோ அவ்வளவு கூடுதல் அகலத்தில் பலகை வாங்கியிருக்க வேண்டும் (இதை மறந்துவிட்டு முன்விளிம்பு குறைந்து நிற்பவர்கள் நிறைய). பலகையை மேட்டில் முட்டும்படி, முன்விளிம்பு நூலுக்கு இணையாக இருக்கும்படி வையுங்கள். காம்பஸை அந்த அகலமான சந்து அளவுக்குத் திறந்து, முனை சுவரிலும் பென்சில் பலகையிலும் படும்படி இழுங்கள். சுவர் வளைகிறது என்று காம்பஸைத் திருப்பக்கூடாது, அது கடைசிவரை ஒரே திசையைப் பார்க்க வேண்டும். ஜிக்சாவில் வெட்டும்போது மேல்முகம் சிதறும், அதனால் கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பின்விளிம்பின் அடிப்பக்கத்தை அரத்தால் லேசாகச் சரித்துவிட்டால் மேல்விளிம்பு சுவரோடு படிந்து உட்காரும்.

எல்லாம் சரியாக மட்டம் காட்டியும் ஷெல்ஃப் சாய்ந்ததுபோலத் தெரியலாம். பக்கத்தில் சாய்ந்த நிலைச்சட்டமோ பெயிண்ட் பார்டரோ இருந்தால் கண் அதோடுதான் ஒப்பிடும். கோடு போடும்போதே அவற்றைவிட்டு ஓரடி தள்ளி இடம் பாருங்கள்.